மண்டபத்தைப் படம் பிடித்த கதை

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுச் செயலாளர் எழுதிய கடிதம் எம்மை வந்தடைந்தபொழுது யாம் ஒருவாறு திகைத்தே போனோம். கல்லூரியின் தோற்றம், வளர்ச்சி, அதிபர்களின் அருந்தொண்டு, விளையாட்டுத் துறையின் சாதனை என்பன பற்றி எழுதத் தக்கார் பலர் உளர். எமக்குத் தெரிந்ததோ படம் பிடித்தல் ஒன்றே. அதனைத் தானும் யாம் தொழிலாகக் கொண்டவரல்லேம்; கணக்கேடுகளோடு காலங்கழித்து, ஓய்வு நாட்களிற் கமராவுங் கையுமாகத் திரிந்தோம், அவ்வளவே. ஆயினும், கடிதத்தின் அடியிலே செயலாளர் ஒரு வரி சேர்த்திருந்தார். புதிய கட்டடத்தின் மாடிப்படிச் சுவரில் தொங்கும் பழைய பிரார்த்தனை மண்டபப் படத்தைப் பார்க்கும் மாணவர் சிலர், "இது ஏன் இவ்வளவு இருட்டாயிருக்கிறது? போனிலே பிடித்திருந்தால் எல்லாம் பளிச்சென்று தெரிந்திருக்குமே" என்று கேட்கின்றனராம். அவ்வினாவுக்கு விடை கூறுங் கடமை எமக்குண்டு. அப்படம் இருட்டாயிருப்பது தவறுதலாலன்று. முதலில் யாமும் எல்லாம் பளிச்சென்று தெரியவே அதனை ஆக்கினோம். பின்னர் ஏறத்தாழ ஓராண்டு பாடுபட்டு இருட்டாக்கினோம்.

மண்டபத்தைக் கண்ணாற் காணாத இளைய மாணவர் பொருட்டு அதனைப்பற்றிச் சிறிது கூறுதும். நீண்ட ஓட்டுக் கூரை, இருமருங்கும் தூண்கள், கிழக்கிலும் மேற்கிலும் அரைச்சுவரும் அதன்மேற் கம்பி யன்னல்களும், தென்கோடியிலே சிறிய மேடையும் சிவப்புத் திரையும் ஒரு தூண்டாமணி விளக்கும். வெளியே வெண்மணல் முற்றமும் ஒரு வேம்பும். முற்றத்து வெயிலினின்று உள்ளே வருபவன் முதலில் ஒன்றுங் காணான். வாசற்படியிற் சற்றே நிற்பான். தூண்கள் ஒவ்வொன்றாய் வெளிப்படும். பின்னர் மேடையும், ஈற்றில் மூலைகளும் தெரியவரும். கூரையின் நடுவிலே ஓரிடத்தில் ஓடு விலகி ஒரு நீக்கல் இருந்தது. அதனூடு விழுந்த வெயில், காலை பத்தரை மணியளவில், இரண்டாந் தூணின் அருகே நிலத்தில் ஒரு வட்டமாய்க் கிடக்கும். நீக்கல் கோணல்மாணலாயிருப்பினும் நிலத்தில் விழுவது வட்டமே. ஏனெனில் அது சூரியனின் விம்பம். இதனை எமக்கு அவ்விடத்திலேயே நிறுத்திக் காட்டியவர் எமது பௌதிக ஆசிரியர். மழைக்காலத்தில் அந்நீக்கலின் கீழ் ஒரு வாளி வைக்கப்படும். ஓட்டைச் சரிசெய்ய வந்தவரை அவரே தடுத்துவிட்டார் என்றொரு கதையும் மாணவரிடையே உலவியது; அதன் மெய் பொய் யாம் அறியோம்.

அவ்வாசிரியரே எமக்குக் கமராவை முதலிற் கையிற் றந்தவர். 1970களின் முற்பகுதி அது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தமையாற் பிலிமும் தாளுங் கிடைப்பது அரிதாயிற்று. பௌதிக ஆய்வுகூடத்தை அடுத்த சாமான் அறையின் யன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, சிவப்பு மின்குமிழ் ஒன்றை ஏற்றி, அதனையே இருட்டறையாக அவர் ஆக்கியிருந்தார். 'கைப்போ' எனப்படும் சோடியந் தயோசல்பேற்று இரசாயன ஆய்வுகூடத்திலிருந்து வரும். எவ்வழியாக வருமென்று யாம் கேட்டதில்லை. தாள் அரிதாகையாற் பரீட்சித்துப் பார்ப்பதற்கு விரலகலத் துண்டுகளே எமக்குக் கிடைத்தன.

நெகற்றிவில் உள்ளதனைத்தையுந் தாள் ஏற்காது என்பதே இருட்டறையில் யாம் கற்ற முதற்பாடம். வானத்துக்கு ஏற்றவாறு ஒளி கொடுத்தால் மரநிழல் கரியாகும். நிழலுக்கு ஏற்றவாறு கொடுத்தால் வானம் வெறுந்தாளாகும். அதற்கு அவர் கையாண்ட கருவி, சைக்கிட் கம்பி ஒன்றின் நுனியில் ஒட்டிய சதக்குற்றியளவான மட்டை. உருப்பெருக்கியின் ஒளி தாளின்மேல் விழும் பத்துப் பன்னிரண்டு விநாடிகளுள், கரியாகிவிடக்கூடிய பகுதியின்மேல் அம்மட்டையின் நிழலை மூன்று நான்கு விநாடி பிடிப்பார். பிடிப்பதென்றாலும் அசையாது பிடித்தலன்று, கை ஆடிக்கொண்டேயிருக்கும். அசையாது பிடித்தால் மட்டையின் விளிம்பு படத்திற் பதிந்துவிடும். "செய்தது தெரியக்கூடாது, தம்பி. தெரிஞ்சால் தாள் வீண்" என்பார். அக்காலத்தில் ஒரு தாள் வீணாவதென்பது சிறிய நட்டமன்று.

இவ்வித்தை அவருக்கு மட்டும் உரியதன்று. படக்கலையின் வயதே ஏறத்தாழ இதற்கும் வயது. பிரான்சு நாட்டவரான குஸ்தாவ் லெ கிறே என்பார் 1856, 1857ஆம் ஆண்டுகளிற் கடலைப் படம் பிடித்தபோது, அக்காலத்து நெகற்றிவ்கள் நீல ஒளிக்கு மிகுந்த கூர்மையுடையனவாயிருந்தமையால், கடல் சரியாக வந்தால் வானம் வெளிறிப் போயிற்று. அவர் வானத்தை ஒரு நெகற்றிவிலும் கடலை இன்னொன்றிலும் பிடித்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். அமெரிக்கரான அன்சல் அடம்ஸ், பிறெட் ஆர்ச்சர் ஆகிய இருவரும் 1940ஆம் ஆண்டளவிற் கருமை முதல் வெண்மை வரையுள்ள ஒளிப்படிகளை வலயங்களாக வகுத்து, எப்பொருள் எவ்வலயத்தில் விழவேண்டுமெனப் பிடிப்பவன் முன்கூட்டியே தீர்மானிக்கும் முறையொன்றை அமைத்தனர். எமது நாட்டிலே லயனல் வென்ட் (1900–1944) ஆக்கிய படங்களின் தொகுதி 1950இல் நூலாக வெளிவந்தது. அதன் பிரதியொன்று எம் ஆசிரியரிடம் இருந்தது. அதன் பக்கங்களிற் கறுப்பு கறுப்பாகவே விடப்பட்டிருக்கும் இடங்களை விரலாற் சுட்டிக் காட்டுவார். அக்காலத்தில் யாம் அதனை உற்றுப் பார்த்தோமேயன்றி விளங்கிக்கொண்டோமல்லேம்.

பின்னர் யாம் கொழும்பிற் றொழில் பெற்றுச் சென்றோம். அவர் கல்லூரியிலேயே இருந்து இளைப்பாறினார். மண்டபத்தை அவர் பல பருவங்களிலும் பிடித்த நெகற்றிவ்கள் இரண்டு பிஸ்கற் தகரங்களில் வீட்டிலிருந்தன. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது அத்தகரங்களை எடுத்துச்செல்ல இயலவில்லை; திரும்பி வந்தபோது அவை இல்லை.

போர் முடிந்த மறு ஆண்டாகிய 2010இற் பழைய மாணவர் சங்கத்திலிருந்து எமக்கு ஓர் அழைப்பு வந்தது. மண்டபத்துக் கூரைமரங்களைக் கறையான் அரித்துவிட்டது. வரும் தை மாதத்தில் அதனை இடித்து மாடிக் கட்டடம் எழுப்பவுள்ளோம். அதற்கு முன் மண்டபத்தின் நல்ல படமொன்று வேண்டும். புதிய கட்டடத்திற் பெரிதாகத் தொங்கவிடுதற்குரியது அது என எழுதியிருந்தனர். உட்புறத்தைக் காட்டும் பழைய படம் ஒருவரிடமும் அகப்படவில்லை. ஆகவே யாம் பிடிக்கப்போவதே மண்டபத்தின் ஒரே படமாகும். அவ்வெண்ணமே எமக்குக் கர்வமும் அச்சமும் ஒருங்கே தந்தது.

புரட்டாதி மாதத்து ஒரு காலைப்பொழுதில், வட்ட வெயில் இரண்டாந் தூணை அடையுமுன்னரே, வடவாசலின் உட்புறத்தில் முக்காலித் தாங்கியை நிறுத்தினோம். எமது ஒளிமானி முற்றத்து மணலில் ஏறக்குறைய 1 இலட்சம் லக்ஸ் காட்டிற்று. மேடைக்கு இடப்புறத்து மூலையில் 20 லக்ஸ் காட்டிற்று. ஐயாயிரம் மடங்கு வேற்றுமை. ஒளியை இருமடங்காக்குவதைப் படம் பிடிப்போர் ஒரு 'ஸ்ரொப்' என்பர்; யாம் படி என்போம். ஐயாயிரம் மடங்கென்பது பன்னிரண்டு படிகளுக்குச் சிறிது மேல். சுவரும் மரமும் வெண்மணலைவிடக் குறைவாகவே ஒளியைத் திருப்பியனுப்புமாதலால் உண்மை வேற்றுமை அதனினும் பெரிது. அன்று எம்மிடமிருந்த கமரா ஒரே சட்டகத்திற் செம்மையாகக் கொள்ளத்தக்கது பதினொரு படியளவே. அச்சிடுந் தாளோ, மிக நல்ல தாளாயினும், அதன் கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேற்றுமை நூறு அல்லது இருநூறு மடங்கு. அதாவது ஏழு படிகளை ஒட்டியது. ஒரு கிணற்று நீரைச் செம்பொன்றில் அடக்க முயல்வது போன்ற வேலை இது.

வில்லைத் துவாரத்தை எட்டில் நிறுத்தி, வேறெதனையும் மாற்றாது, ஷட்டரின் நேரத்தை மட்டும் இவ்விரண்டு படியாகக் கூட்டி ஏழு சட்டகங்கள் எடுத்தோம்: விநாடியின் ஆயிரத்தில் ஒன்று, 250இல் ஒன்று, 60இல் ஒன்று, 15இல் ஒன்று, நான்கில் ஒன்று, முழு விநாடி ஒன்று, நான்கு விநாடி. துவாரத்தை மாற்றினால் தெளிவின் ஆழம் சட்டகத்துக்குச் சட்டகம் மாறிவிடும். ஆகையால் அதனைத் தொடலாகாது. ஏழையும் பதப்படுத்தாத மூலக்கோப்புக்களாகவே வைத்துக்கொண்டோம். யாம் அன்று செய்த விவேகமான செயல் அது ஒன்றே என்பது பின்னர் தெரியவந்தது.

வேறுபட்ட நேரங்களிற் பிடித்த சட்டகங்களிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் மெய்யான ஒளியளவையும் கணித்து ஒரே கோப்பாக்கும் முறையினைக் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தவரான போல் டெபெவெக், ஜிதேந்திர மலிக் ஆகிய இருவரும் 1997இற் செம்மையாக வகுத்து வெளியிட்டனர். அதன் பின் பத்தாண்டுகளுள் அது வீட்டுக் கணினிகளுக்கும் வந்து, எச்.டி.ஆர். என்ற பெயரோடு உலகெங்கும் ஒரு மோகமாகப் பரந்தது. அக்கோப்பினைத் தாளுக்குள் அடக்குவதற்கு இரு வழிகள் உள. முழுப் படத்தையும் ஒரே விதிப்படி சுருக்குவது ஒன்று. அதனாற் படம் உயிரிழந்து மங்கும். ஒவ்வொரு சிறு பகுதியையும் அதன் அயலோடு மட்டும் ஒப்பிட்டுத் தனித்தனியே சுருக்குவது மற்றொன்று. இரண்டாவது வழியில் மூலைமுடுக்கெல்லாம் விளங்கும். ஓட்டின் கீற்றும் மணலின் பரலும் துலங்கும். யாம் இரண்டாவதையே கைக்கொண்டோம். கணினியில் இருந்த சலாகைகளை ஒவ்வொன்றாய் வலப்புறம் தள்ளத் தள்ள மண்டபம் எம் கண்முன்னே திறந்துகொண்டே போயிற்று. இரவு இரண்டு மணிவரை தள்ளினோம். மறுநாள் இருபது அங்குல அகலத்தில் அச்சிடுவித்து, நண்பர் பலருக்குங் காட்டிப் பாராட்டுப் பெற்று, ஐப்பசி மாதத்தில் அதனைச் சுருட்டிக்கொண்டு ஆசிரியரின் வீட்டுக்குச் சென்றோம்.

விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் இருந்தார். படத்தை மடியில் விரித்தோம். நெடுநேரம் பார்த்தார். பின்னர் கேட்டார்: "தம்பி, இது ஆற்றை பள்ளிக்கூடம்?"

யாம் நகைத்தோம், அவர் நகைக்கவில்லை. "எங்கடை மண்டபம் தான், சேர். தூணைப் பாருங்கோ, மேடையைப் பாருங்கோ" என்றோம். "தூண் தெரியுது, மேடை தெரியுது. வெயில் எங்கை?" என்றார்.

குனிந்து பார்த்தோம். இரண்டாந் தூணின் அருகே வட்ட வெயில் கிடக்கவேண்டிய இடத்தில், நிலத்தைவிடச் சிறிதே வெளிறிய ஒரு மாசு இருந்தது. ஒவ்வொரு பகுதியையும் அயலோடு சமன்செய்த அக்கணிதம் வட்ட வெயிலையும் நிலத்தோடு சமன்செய்துவிட்டது. யாம் மூலைகளைத் திறக்கும் ஆர்வத்தில் அதனைக் கவனித்தோமில்லை. ஒரு குறை கண்ணிற் பட்டதும் மற்றவையும் வரிசையாய்த் தெரியலாயின. யன்னலூடு தெரிந்த வானமும் அதன் கீழுள்ள அரைச்சுவரும் ஒரே வெண்மையுடையனவாயிருந்தன. வெளியே வேம்பின் கிளைகளைச் சுற்றியும், வாசலின் நிலையைச் சுற்றியும், மழைக்காலத்துச் சந்திரனுக்குப் போன்று ஒரு பரிவேடம். முகில்கள் கழுவாத பானையின் அடிபோல் அழுக்கேறியிருந்தன. மேடைத் திரையோ குங்குமத்தைக் கொட்டியது போல எரிந்தது.

அவர் அப்போது வலக்கண்ணிற் புரை நீக்கும் சத்திரசிகிச்சை செய்வித்துச் சில வாரங்களே கழிந்திருந்தன. இடக்கண் இன்னும் செய்யப்படவில்லை. ஒரு கண்ணைப் பொத்தி மறுகண்ணாலும், பின்னர் மாற்றியும் படத்தைப் பார்த்தார். புரை படர்ந்த கண்வில்லை மஞ்சளித்துப் போவதால் நீலத்தைத் தடுத்துவிடும். அதனை நீக்கியபின் உலகம் நீலம் பாரித்துத் தோன்றும். "இந்தக் கண்ணுக்கு உந்தச் சுவர் நீல வெள்ளை. மற்றக் கண்ணுக்குப் பழைய வேட்டி. எது மெய்யெண்டு எனக்கே தெரியாது" என்றார். யாம் உடனே அதனைப் பற்றிக்கொண்டு, "அப்படியெண்டால், சேர், இயற்கையான படம் எண்டு ஒண்டு எங்கை இருக்கு? ஒருத்தற்றை கண் மாதிரி ஒருத்தற்றை கண் இல்லையே" என வாதாடினோம். அவர் படத்தைச் சுருட்டி எம்மிடந் தந்தவாறே சொன்னார்: "இரண்டு கண்ணாலை பாத்தாலும் யன்னல் யன்னல் தான், மூலை மூலை தான்."

தை மாதத்தில் மண்டபம் இடிக்கப்பட்டது. யாம் அப்போது கொழும்பில் இருந்தோம். படத்தை மீண்டும் பிடிக்க வழியில்லை. எஞ்சியவை அவ்வேழு சட்டகங்களே.

அவர் கூறியதை யாம் பல மாதம் எண்ணிப் பார்த்தோம். நிறமும் பொலிவும் கண்ணுக்குக் கண் வேறுபடும். ஆனால் எது எதனிலும் ஒளிமிக்கது என்னும் வரிசை வேறுபடாது. அவ்வரிசையினாலேயே ஒளி எங்கிருந்து வருகின்றது என்பதைக் கண் அறிகின்றது. வானமும் சுவரும் ஒத்த வெண்மையாயின், சுவருக்கு ஒளி தந்தது வானம் என்பதைக் கண் ஏற்காது. மண்டபத்தினுள் யாரோ மறைவாகப் பெருவிளக்குகளை ஏற்றியிருக்கின்றனர் என்றே கருதும். எமது முதற்படம் நாடக மேடைபோல் இருந்ததன் காரணம் இதுவே. தாளின் ஏழு படிகளுக்குள் பன்னிரண்டு படிகளையும் அடக்குவதாயின் வரிசையில் உள்ள இடைவெளிகளைச் சுருக்கலாம். வரிசையைப் புரட்டலாகாது, சமமாக்கவும் ஆகாது. சுருக்கத்துக்கு இடமில்லாதபோது சிலவற்றைக் கருமைக்கும் சிலவற்றை வெண்மைக்கும் விட்டுக்கொடுத்தல் வேண்டும். எதனை விட்டுக்கொடுப்பது என்பதே பிடிப்பவனின் தொழில். கணினி அதனை அறியாது.

"கண் எல்லாவற்றையும் காண்கின்றதே, கமராதான் காண்பதில்லை. ஆகவே எல்லாவற்றையும் காட்டுவதே இயற்கை" என்று கூறுவாரும் உளர். யாமும் அவருள் ஒருவராயிருந்தோம். கண்மணி இரண்டு மில்லிமீற்றரிலிருந்து எட்டு மில்லிமீற்றர் வரை விரியும்; அதனாற் கிடைப்பது பதினாறு மடங்கு ஒளி மட்டுமே. மிகுதியை விழித்திரையின் இரசாயனம் செய்கின்றது; முற்றாக இருளுக்குப் பழக அதற்கு அரைமணி நேரம் வரை செல்லும். யன்னலைப் பார்க்கும் கண் மூலையைக் காணாது; மூலையைப் பார்க்கப் பழகிய கண் யன்னலிற் கூசும். வாசற்படியில் யாம் நின்ற அந்நிலையை மீண்டும் நினைவுகூர்க. எல்லாவற்றையும் கண்டோம் என்பது மெய். ஒரே கணத்திற் கண்டோம் என்பது மெய்யன்று.

நிறத்தைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். மைமற் பொழுதில் வேலியோரத்துச் செவ்வரத்தம்பூவைப் பார்த்தவர் அறிவர்: முதலிற் கறுப்பது பூ, இலையோ வெளிறிய சாம்பலாய்ப் பின்னும் சற்று நேரம் தெரியும். பகலிற் பூவே எடுப்பாய்த் தெரிவது. பூர்க்கின்யே என்னும் பொகீமிய அறிஞர் இதனை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே குறித்துள்ளார். மங்கிய ஒளியிற் கண்ணின் நிறமுணரும் கூம்புகள் ஓய, நிறமறியாக் கோல்கள் வேலை செய்வதே காரணம். ஆகவே இருண்ட மூலையைத் திறந்துவிட்டு அங்குள்ள நிறத்தையும் பகலின் நிறமாகக் கொழுக்கச் செய்தால், எக்காலத்திலும் எக்கண்ணும் காணாத ஒன்றையே காட்டியவராவோம். எமது குங்குமத் திரை இவ்வகையைச் சார்ந்தது.

2011ஆம் ஆண்டு முழுவதும் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அவ்வேழு சட்டகங்களோடு இருந்தோம். இம்முறை சலாகைகளைத் தொடவில்லை. விநாடியின் நான்கில் ஒரு பங்கு நேரத்திற் பிடித்த சட்டகத்தை அடிப்படையாகக் கொண்டோம். அதில் மண்டபம், படியிற் சிறிது நின்று கண் பழகியவனுக்குத் தோன்றுமாறு, இருட்டாகவும் இருட்டற்றதாகவும் இருந்தது. யன்னல்களுக்கு 60இல் ஒன்றைக் கொண்டோம். 250இல் ஒன்றும் ஆயிரத்தில் ஒன்றும் முற்றத்து மணலின் ஒவ்வொரு பரலையும் காட்டினவேனும், மண்டபத்தினுள் நிற்பவனுக்கு முற்றம் கண்ணைக் கூசச் செய்யவேண்டுமன்றோ? அவ்விரண்டையும் ஒதுக்கினோம். வட்ட வெயிலுக்கு 15இல் ஒன்று. மேடைக்கும் அண்மைத் தூணுக்கும் முழு விநாடிச் சட்டகத்திலிருந்து ஒரு சிறிது. நான்கு விநாடிச் சட்டகத்தைத் தொடவேயில்லை; இடப்புறத்து மூலை கருமையாகவே நின்றது. ஒரு சட்டகத்தின் பகுதியை மற்றொன்றின் மேல் ஏற்றும் வேலையைக் கணினியில் அகன்ற, ஓரம் மெலிந்த தூரிகையினால், நூற்றுக்குப் பத்து அளவான வலுவில், பல தடவை மேலும் கீழும் ஆட்டி ஆட்டிச் செய்தோம். சைக்கிட் கம்பியும் மட்டையுமே மீண்டும் எம் கைக்கு வந்தன. திரையின் சிவப்பை அரக்கு நிறமாகும்வரை தணித்தோம். விளக்கின் மஞ்சளை மட்டும் விட்டுவைத்தோம். யன்னலொளிக்கும் விளக்கொளிக்கும் ஒரே வெண்மை கொடுப்பதும் முன்னைய தவறின் மற்றொரு வடிவமே.

இதில் ஒரு சிக்கல் நேர்ந்தது. 15இல் ஒரு பங்கு நேரச் சட்டகத்தில் மட்டும் மாணவன் ஒருவன் நான்காந் தூணுக்கும் யன்னலுக்கும் இடையே நடந்து போகின்றான். முதற்படத்தில் அவன் பாதி கரைந்து ஆவியுருவாய் நின்றான். ஏழு சட்டகங்களையும் கலந்ததன் விளைவு அது. இம்முறை அவனை நீக்கிவிடலாமென முதலில் எண்ணிப் பின்னர் முழுமையாகவே விட்டுவிட்டோம். கையில் ஏதோ கொப்பிகள். பாடவேளையில் ஏன் அங்கு நடந்தான் என்பது அவனுக்கே வெளிச்சம். அவர் இன்று முப்பது வயதை எய்தியிருப்பார். இவ்வரிகளைப் படிப்பாராயின் மலர்க்குழுவின் ஊடாக எமக்கு அறியத் தருவாராக.

அச்சிற் பார்ப்பதற்கும் திரையிற் பார்ப்பதற்கும் உள்ள வேற்றுமையையும் அவ்வாண்டிலேயே கற்றோம். இரவிற் கணினித் திரையிற் செம்மையாயிருந்தது காலையிற் றாளில் மிகையாயிருக்கும். ஆறு தடவை சிறு அளவில் அச்சிட்டு, ஒவ்வொன்றையும் மாடிப்படியின் ஒளியை ஒத்த ஒளியில் வைத்து, ஒரு வாரம் கழித்துப் பார்த்துத் திருத்தினோம். ஒரு வாரம் கழிவது முக்கியம். திருத்திய கண்ணுக்குத் திருத்தியது எல்லாம் அழகு.

இனி மாணவரின் போன் பற்றி. 2010ஆம் ஆண்டிலேயே ஐபோனில் எச்.டி.ஆர். வசதி வந்துவிட்டது. இன்றைய போன்கள் பல, ஒருமுறை அழுத்தியதும் சட்டகங்கள் பலவற்றைத் தாமே எடுத்து, அசைந்தவற்றை இனங்கண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒன்றாக்கித் தருகின்றன. எமது 2010ஆம் ஆண்டுப் படத்தைவிட அவை செம்மையாகவே செய்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பரிவேடம் பெரும்பாலும் இல்லை. ஆயினும் நிழலைக் கண்டதும் திறந்துவிடுவது அவற்றின் இயல்பு. மைமற் பொழுதைப் பிடித்தால் நண்பகல் போலத் தருவதை நீவிரே கண்டிருப்பீர். பிடிக்குமுன் திரையிற் பிரகாசமான இடத்தை விரலாற் றொட்டு, அருகே தோன்றும் சூரியக் குறியைக் கீழிறக்கிப் பாருங்கள். கண்ணெதிரே உள்ள இருளும் திரையில் உள்ள இருளும் ஒன்றையொன்று ஒக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்குமேற் சொல்லித்தர எம்மிடம் ஒன்றுமில்லை.

இரண்டாவது படத்தை 2012ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஆசிரியரிடங் கொண்டுசென்றோம். இடக்கண்ணுக்கும் அப்போது சத்திரசிகிச்சை ஆகியிருந்தது. மேசையில் விரித்து நான்கு மூலைக்கும் நான்கு புத்தகம் வைத்தார். வட்ட வெயிலைப் பார்த்து, "பத்தரை" என்றார். நடந்து போகும் மாணவனைப் பார்த்து, "ஆர் உவன், பாட நேரத்திலை?" என்றார். பின்னர் மேடைக்கு இடப்புறத்து மூலைக்கு வந்தார். முதற்படத்தில் அம்மூலையின் வெடிப்பும் ஒட்டறையும் தும்புத்தடியும் துலக்கமாய்த் தெரிந்தன. அவர் அதனை அன்று கண்டுகொள்ளவேயில்லை. இதில் அங்கு ஒன்றுமே தெரியாது. அந்தக் கருமையின் மேல் விரலை வைத்தார்.

"இதிலைதான் நான் குடை வைக்கிறது" என்றார்.

அன்னார் 2017இல் அமரரானார். படம் புதிய கட்டடத்தின் முதலாம் மாடிக்கு ஏறும் படியின் திருப்பத்திற் றொங்குகின்றது. பிற்பகல் மூன்று மணிக்குப் பின் மேற்கு யன்னலின் ஒளி சட்டத்தின் கண்ணாடியில் விழுந்து படத்தை மறைத்துவிடும். பார்க்க விரும்புவோர் காலையிற் செல்வது நன்று.